மேற்குச் சுவரில் ஒரு வாசல்

நம் வயதுக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் ஓர் இடத்தில் வந்து நிற்கும். யார் மேலும் கோபமில்லை, எல்லாரையும் மன்னித்தாயிற்று, பழைய பகையெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை என்பீர்கள். நானும் தலையாட்டிக்கொண்டு கேட்பேன். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படி ஒன்றும் போய்விடவில்லை. சின்ன வயதில் ஒருத்தி மேல் வந்த பொறாமை, முட்டி தேய்ந்து, பல் கொட்டி, பேரப்பிள்ளைகள் எடுத்த பிறகும் வயிற்றுக்குள் சூடு ஆறாமல் இருக்கிறது. அவள் மேல் மட்டுமல்ல, அவள் ஊர்க் கோயில் மேலும்தான். ஒரு கட்டடத்தைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்பீர்கள். நான் பட்டேன். அதுவும் கண்ணால் பார்க்காத கட்டடத்தின் மேல்.

நாங்கள் இருந்தது ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில். அப்பா அங்கே ரைட்டர். ஆட்களுக்குப் பேர் போடுவது, காப்பியை எடை போட்டு அனுப்புவது, துரை கேட்டால் பதில் சொல்வது எல்லாம் அவர்தான். எஸ்டேட்டுக்குள்ளேயே இருந்த சின்ன மாதா கோயிலையும் அவரே பார்த்துக்கொண்டார். அந்தக் கோயில் கோயிலாகக் கட்டப்பட்டதல்ல. பழைய காப்பி ஸ்டோர். ஆதியில் இருந்த வெள்ளைக்காரத் துரை வேறு இடத்தில் புது ஸ்டோர் கட்டிக்கொண்டு, பழையதை லைன் வீடுகளில் குடியிருந்த தோட்ட ஆட்கள் கும்பிடட்டும் என்று கொடுத்துவிட்டாராம்.

அதனால் எங்கள் கோயிலில் எதுவுமே வேறு கோயில்களில் இருப்பது போல இருக்காது. தரை மரப்பலகை. கீழே காற்றோட இடம் விட்டுப் போட்டது, மூட்டைகளுக்கு ஈரம் ஏறக்கூடாது என்று. பீடத்துக்கு முன்னால் அணையா விளக்குத் தொங்கியது, முன்பு மூட்டை நிறுக்கும் தராசு தொங்கிய கொக்கியில். ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்த சின்ன சன்னலுக்குப் பின்னால்தான் சாமியார் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார். முன்பு கை நீட்டி நின்ற இடத்தில் இப்போது மண்டி போட்டு நிற்கிறோம் என்று லைன் பெண்கள் சிரிப்பார்கள். மணிக்குப் பதில் தண்டவாளத் துண்டு. வாசலில் தீர்த்தம் வைத்திருந்தது ஒரு கருங்கல் உரலில். மழை பெய்தால் பலகையிலிருந்து காப்பித் தோல் வாசனை கிளம்பும். பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும்வரை வெறும் வயிறாக இருக்க வேண்டிய காலம் அது. அந்த வாசனையில் பசி இன்னும் கூடும்.

சுவர்கள் முழங்கை நீளத்துக்கு மேல் கனம். சன்னல்கள் எட்டாத உயரத்தில், சின்னச் சின்னதாக. மேற்குச் சுவரில் மட்டும் ஒரு சன்னல்கூடக் கிடையாது. மழைக்காலத்தில் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வருவது அந்தப் பக்கம்தான். காய்ந்த காப்பி மேல் மேகம் பட்டால் நிறம் போய்விடும், விலை போய்விடும். எஸ்டேட்டில் இது கைக்குழந்தைக்கும் தெரிந்த சங்கதி.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் அவர் வாயிலிருந்து பாராட்டாக ஒரு சொல் பிடுங்குவது நடக்காத காரியம். பரீட்சைத் தாளைக் காட்டினால் பார்த்துவிட்டு "ம்" என்பார். என்னைக் கூப்பிடுவது "இந்தா புள்ள." கோயிலைப் பற்றி மட்டும் யாராவது கேட்டுவிட்டால் போதும், மனிதர் மாறிவிடுவார். கல் எங்கிருந்து வந்தது, உத்தரம் எந்த மரம், ஓடு எந்தக் கப்பலில் வந்தது என்று பேசிக்கொண்டே போவார். ஆகவே அப்பாவின் கண் என் மேல் விழ வேண்டுமானால் அது கோயிலில்தான் நடக்கும் என்று நான் முடிவு செய்திருந்தேன். அதற்கு ஒரு வழியும் இருந்தது.

செப்டம்பரில் மாதா பிறந்தநாள் எங்கள் திருவிழா. அன்று மாலைப் பூசையில், அந்த வருஷம் முதன்முதலாக நன்மை, அதாவது புதுநன்மை, வாங்கிய பெண்பிள்ளை ஒருத்தி ஸ்டூலில் ஏறி மாதாவுக்கு முடி சூட்டுவாள். சேலத்தில் செய்த பித்தளை முடி. வருஷம் முழுக்க எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் கிடக்கும். புளி போட்டு விளக்குவது என் வேலை. அந்த வருஷம் எங்கள் எஸ்டேட்டில் புதுநன்மைக்கு இருந்த ஒரே பெண் நான். வேறு யாரும் போட்டிக்கு இல்லை. அப்பா முன்வரிசையில் நின்று பார்ப்பார், நான் முடி வைப்பேன். விளக்கும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொள்வேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த சமயம் அவள் வந்தாள். புதிதாக வந்திருந்த சாமியார் தெற்கே கடற்கரை ஊர்க்காரர். அங்கிருந்து தெரிந்தவர் ஒருவரை எங்கள் கோயிலுக்கு, சாமியார் வராத நாட்களில் செபம் சொல்லிவைக்கும் உபதேசியாராக வரவழைத்தார். அந்த உபதேசியாரின் மகள் அவள். குளிர் என்றால் என்னவென்று தெரியாமல் வந்த குடும்பம். ஒரு கவுன் மேல் இன்னொரு கவுனைப் போட்டு, காதைச் சுற்றித் தன் அப்பாவின் துண்டைக் கட்டிக்கொண்டு வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். முதலில் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பேரிக்காய்கூடக் கொடுத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார். அம்மா காப்பி கொடுத்துவிட்டு, "உங்கூர்ல கோயிலு பெருசா கண்ணு?" என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டாள்.

"பெருசு இல்ல. ஆனா எங்க கோயிலு கவுத்துப்போட்ட தோணி மாதிரி இருக்கும்" என்றாள். "தோணி கட்டுற ஆசாரியளே மேக்கூரை செஞ்சாவளாம். வீடு கட்டுற ஆசாரி கெடைக்கலயாம், அதான். உள்ள நின்னு அண்ணாந்து பாத்தா தோணிக்கு அடியில நிக்கிற மாதிரியே இருக்கும்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செவுரு என்னத்துல கட்டுனது கண்ணு?"

"கடல்ல எடுத்த கல்லு. உத்துப் பாத்தா பூப்பூவா ஓட்டை இருக்கும். சுண்ணாம்பும் கருப்பட்டியும் போட்டு அரைச்சுப் பூசுனது. சின்னப் புள்ளைல யாருக்கும் தெரியாம செவத்தை நக்கிப் பாத்திருக்கேன், இனிக்கல."

அப்பா சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள், அவளுக்கே அது அதிசயம். நான் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். என்னை ஒரு நாளும் கூப்பிடாத "கண்ணு" அந்தப் பெண்ணுக்கு ஒரே சாயங்காலத்தில் எத்தனையோ முறை விழுந்தது.

பிறகு அவள் வருவது வழக்கமாகிவிட்டது. அப்பா வீடு திரும்பினால் முதல் கேள்வி, "அந்தப் புள்ள வரலியா?" அவளும் கோயிலை அடியிலிருந்து முடிவரை கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கொடிமரம், உடைந்த கப்பலின் பாய்மரமாம். தரையில் கடல் மணல், திருவிழாவுக்கு முந்தின நாள் வீட்டுக்கு ஒரு கூடை புது மணல் கொண்டுவந்து கொட்டுவார்களாம். வாசல் கடலைப் பார்த்து இருக்குமாம். தொழிலுக்குப் போனவர்கள் இருட்டில் கரை திரும்பும்போது பீடத்து விளக்கு தெரிய வேண்டும் என்பதற்காக அந்தக் கதவைச் சாத்தவே மாட்டார்களாம். காற்று பீடம்வரை வந்து துணியை ஆட்டிவிட்டுப் போகுமாம்.

எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் நடுவில் புகுந்து, "எங்க கோயில்ல தராசுக் கொக்கியிலதான் வெளக்குத் தொங்குது" என்றேன்.

"அது தெரிஞ்சதுதானே புள்ள" என்றார் அப்பா. "நீ சொல்லு கண்ணு, கதவு ஒத்தைக் கதவா, ரெட்டைக் கதவா?"

பொறாமை என்பது நெஞ்சில் வருவதாக எழுதுகிறார்கள். எனக்குத் தொண்டையில் வந்தது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஆகஸ்டு பிறந்தவுடன் மாற்றங்கள் ஆரம்பமாயின. உபதேசியார் வீட்டில் ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய கடல் சிப்பி ஒன்று இருந்தது. அவர்கள் கோயிலில் தீர்த்தம் வைப்பது அது போன்ற சிப்பியில்தானாம். எங்கள் கருங்கல் உரலைப் பெயர்த்து வெளியே உருட்டிவிட்டு அந்தச் சிப்பியைச் சிமெண்டு போட்டுப் பதித்தார் அப்பா. உரல் பிறகு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மேற்குச் சுவரை உடைத்து வாசல் வைக்கப்போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார்.

"மேக்கால சரிவுல அத்தனை சனம் வேலை செய்யுது" என்றார் அம்மாவிடம். "பொழுது எறங்குற நேரம் களைப்போட ஊட்டுக்கு வரும்போது மாதா வெளக்கு கண்ணுல படட்டுமே. கடக்கரையில வெச்சிருக்காங்கல்ல."

"ஏனுங்க, காப்பிக்கே ஆவாதுன்னு அடைச்சு வெச்ச செவுருங்க அது" என்றாள் அம்மா. "மனுசருக்கு மட்டும் ஆவுமா?"

"காப்பிக் கொட்டைக்குத்தான் மேகம் ஆவாது. சாமி கும்புடறவனுக்கு என்னத்துக்கு ஆவாது?" என்று அப்பா எழுந்து போய்விட்டார்.

வாழ்நாள் முழுக்க மேகத்துக்குப் பயந்து காப்பியைக் காத்த மனிதர் அவர். அவர் போய் இப்படிச் செய்தது அந்தப் பெண்ணின் பேச்சில் மயங்கித்தான் என்று எனக்கு அப்போது நிச்சயம். இப்போது யோசித்தால் வேறு மாதிரியும் தோன்றுகிறது. மலையை விட்டு இறங்கினால் சேலம், அதற்கு மேல் எங்கேயும் போகாதவர். கடலைப் பார்த்ததே இல்லை. ஒரு சுவரை உடைத்தால் அது கொஞ்சம் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஆட்கள் கடப்பாரை போட்டு இடித்தபோது கல்லுக்கு நடுவில் மண்ணோடு காப்பித் தோல் கலந்து பூசியிருந்தது தெரிந்தது. அப்பா அதைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு அவளை அழைத்து முகரச் சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். சில்வர் ஓக் மரத்தில் இரட்டைக் கதவு செய்து மாட்டினார்கள்.

கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து அப்பாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். சாமியார் வந்தார்.

"ரைட்டர், முடி வைக்கிறது உங்க பொண்ணுதானே?"

"இல்லீங்க சாமி" என்றார் அப்பா. "உபதேசியாரு புள்ளயும் இந்த வருசந்தானுங்களே நன்மை வாங்குச்சு. அதே வெக்கட்டுங்க. ஊரு உட்டு ஊரு வந்த புள்ள. நம்ம புள்ள இங்கதான கெடக்குது."

குடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். கோயில் பொறுப்பு அப்பாவிடம் இருந்தது. சொந்தப் பெண்ணை ஏற்றினால் லைனில் பேச்சு வரும் என்று நினைத்திருப்பார். இது இன்றைக்குப் புரிகிறது. பெரியவர்கள் நேர்மையாக நடந்துகொள்ளும்போது அதற்கான விலையைப் பெரும்பாலும் பிள்ளைகள்தான் கொடுக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் வைக்கப்போகும் முடியை நான்தான் உட்கார்ந்து புளி போட்டு விளக்கினேன். பளபளவென்று வந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

திருவிழா நாள் பகலெல்லாம் வெயில். மாலைப் பூசைக்கு மாரமங்கலம் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். புது வாசலுக்கு வாழையும் ஈச்ச ஓலையும் கட்டித் தோரணம் விட்டிருந்தது. பிரசங்கம் முடியும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவள் வெள்ளைக் கவுனில், கையில் முடியோடு, பீடத்துக்குப் பக்கத்தில் போட்ட உயர ஸ்டூலில் ஏறினாள். எனக்குப் பூத்தட்டைக் கொடுத்து ஸ்டூலுக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள், ஆறுதல் பரிசாக. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது மேகம் உள்ளே வந்தது.

மலைக்காரர்களான உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வாசல் வழியாக, ஆள் நுழைவது போலவே நுழைந்தது. முதலில் பின்வரிசை காணாமல் போனது, அப்புறம் பாட்டுக்காரர்கள், அப்புறம் சாமியார். கதவைச் சாத்த ஓடியவர்களுக்குச் சாத்த முடியவில்லை. புது மரம் மழையில் ஊதிப்போயிருந்தது, தோரணம் வேறு குறுக்கே. மெழுகுவத்திகள் ஒவ்வொன்றாக மங்கி அவிந்தன. பாட்டு நின்றது. ஆர்மோனியம் மட்டும் எங்கேயோ தனியாக வாசித்துக்கொண்டிருந்தது. "யாரும் அசையாதீங்க" என்று சாமியார் குரல் வந்தது.

ஸ்டூல் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டது. அவள் நடுங்குகிறாள் என்று தெரிந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு சத்தம் நின்றது. நான் கையெட்டும் தூரத்தில் நின்றதால் தெரிந்தது: இரண்டு கைகள் வந்து ஸ்டூலின் கால்களை அழுத்திப் பிடித்தன. விரல் நுனியில் மைக் கறை. அப்பாவின் கைகள். மண்டி போட்டுக்கொண்டு அவளுக்காக ஸ்டூலைப் பிடித்திருந்தார். அந்தக் கைகள் எனக்காக எதையும் பிடித்ததாக நினைவில்லை.

மேகம் கொஞ்சம் விலகியபோது முடி மாதா தலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. "மரியே வாழ்க" என்று கூட்டம் கத்தியது. அப்பா அதற்குள் பழைய இடத்துக்குப் போய் நின்றுவிட்டார். பலகை முழுக்க ஈரம். பீடத்துத் துணியைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. ஆர்மோனியக் கட்டைகள் ஊதிப்போய், சேலத்துக்கு அனுப்பியும் சரியாகவில்லை. அடுத்த மாதமே வாசலைக் கல் வைத்து அடைத்தார்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் சாமியாருக்கு மாற்றல் வந்தது, உபதேசியார் குடும்பமும் ஊர் திரும்பியது. பஸ் ஏறும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் கையை உருவிக்கொண்டேன்.

அப்பா போய் வெகு காலமாகிறது. அந்த அடைத்த வாசல் இன்னும் தெரியும், அந்த இடத்தில் மட்டும் பூச்சு நிற்பதில்லை.

போன வருஷம் மருமகள் வழியில் ஒரு கல்யாணத்துக்குத் தெற்கே கடற்கரைப் பக்கம் போனோம். அவளுடைய ஊர் பக்கத்தில்தான் என்று தெரிந்ததும் மகனிடம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், அவள் அளந்து விட்டிருக்கிறாள் என்று கண்ணால் பார்க்கத்தான். முன்னால் புதிதாக கான்கிரீட்டில் போர்ட்டிகோ, நீலப் பெயிண்ட், மணல் தரை மேல் டைல்ஸ். அப்பாடா என்றிருந்தது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். தோணிக்கு அடியில்தான் நின்றேன். விலா எலும்பு மாதிரி வளைந்து வளைந்து மரங்கள். சுவரில் பெயிண்ட் உரிந்த இடத்தில் பூப்பூவாக ஓட்டை. வாசலுக்கு நேரே கடல். அவள் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், மலைக்குப் போய்வந்த உபதேசியாரின் மகளைப் பற்றி விசாரித்தேன். "நம்ம டீச்சரா?" என்று சொல்லிவிட்டுப் போய் அழைத்து வந்தாள். அவளுக்கும் முட்டி வலி, சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ஏ புள்ள! ரைட்டர் மவளா!"

கட்டிப்பிடித்துக்கொண்டாள். கூட வந்த பேத்தியிடம், "சொல்லுவேன்லா, மேகம் வந்து பூசை கண்ட கோயிலுன்னு? அந்தக் கோயில்காரி இவதான்" என்றாள். தராசுக் கொக்கி, சம்பள சன்னல், காப்பி வாசனை, எல்லாம் அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது. என் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. என் கோயிலையும் என்னைவிட நன்றாக இவள் சொல்லியிருக்கிறாள் என்று மறுபடி தொண்டையில் ஏறியது.

"அன்னைக்கு நீ மட்டும் சொல்லலன்னா நான் ஸ்டூல்ல இருந்து விழுந்திருப்பேன்" என்றாள்.

"நான் என்னத்தச் சொன்னேன்?"

"உங்கப்பாட்ட நீதானே சொன்ன? பூசை முடிஞ்சு அவாளுக்கு நன்றி சொல்லப் போனேன். அவாதான் சொன்னாவ." பிறகு அந்தக் கடற்கரைப் பேச்சு அவள் வாயிலிருந்து போய், எங்கள் ஊர்ப் பேச்சு வந்தது. "'எனக்கெங்க கண்ணு தெரியும்? எம்புள்ளதான் ஓடியாந்து, அப்பா, அது உழுந்துரும், போயிப் புடிங்கன்னுச்சு. அதுக்கு நொம்ப நல்ல மனசு கண்ணு. எங்கிட்டக் காட்டிக்காது.' இப்பிடிச் சொன்னாவ. அன்னைல இருந்து எனக்கு உம்மேல உசுரு. நீதான் பஸ்ஸுல ஏத்தும்போதுகூட மூஞ்சியத் திருப்பிக்கிட்ட."

நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்படி நின்றதை அந்த மேகத்துக்குள்ளும் அப்பா பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் அவளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

"அப்பா என்ன சொன்னாரு, இன்னொருக்கா சொல்லு" என்றேன். அவள் சொன்னாள். எங்கள் ஊர்ப் பேச்சில், அப்பா நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, அவர் இழுக்கும் இடத்தில் இழுத்து. அப்பாவின் குரல் எனக்கு மறந்துபோய்விட்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு மறக்கவில்லை.